இரண்டு விடையும் சரி என்றால் தப்பு யாருடையது? ஆங்கில இலக்கணக் கேள்விகளில் வாக்கியத் தேர்வு

ஆங்கில இலக்கணத் தேர்வு முடிந்து விடைக்குறிப்பு வெளியானதும் ஒரு சண்டை கட்டாயம் கிளம்பும். 'ஆ'தான் சரி என்பார் ஒருவர். 'இ'யும் சரிதானே என்பார் இன்னொருவர். இரண்டு மாதிரியும்தான் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள் என்பார் மூன்றாமவர். விடைக்குறிப்பில் 'ஆ' என்று போட்டிருக்கிறது, அத்தோடு விடுங்கள் என்று யாராவது பேச்சை முடித்து வைப்பார்கள். பல நேரங்களில் அந்த மூன்றாமவர் சொன்னதுதான் உண்மை. அங்கே மாணவருக்கு இலக்கணம் தெரியாமல் போகவில்லை, கேள்வி எழுதியவர் அதற்கான வாக்கியத்தைச் சரியாகப் பொறுக்கவில்லை.

தமிழ் இலக்கணம் இந்தக் கோளாறுக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு ஏழு வகை. அதில் வினா வழுவுக்குப் பாடப்புத்தகம் சொல்லும் உதாரணம், ஒரே ஒரு விரலைக் காட்டி "இது சிறியதா, பெரியதா?" என்று கேட்பது. இன்னொரு விரலும் பக்கத்தில் இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு விடை உண்டு. ஆங்கிலக் கேள்வித்தாள்களில் இந்த ஒற்றை விரல் கேள்விகள் ஏராளம்.

இலக்கணம், மரபு, நடை: மூன்றும் வேறு வேறு

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. "சரியான ஆங்கிலம்" என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

1. இலக்கணம். "ஷி கோ டு ஸ்கூல்" என்பது தவறு. எந்த நாட்டுத் தரமான எழுத்து ஆங்கிலத்தை எடுத்தாலும் தவறுதான், இதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் இலக்கணம் மட்டும் சரியாக இருந்தால் போதாது என்பதற்கு மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1957-ல் ஒரு வாக்கியம் கொடுத்தார்: "கலர்லெஸ் கிரீன் ஐடியாஸ் ஸ்லீப் ஃபியூரியஸ்லி", அதாவது நிறமற்ற பச்சை எண்ணங்கள் ஆவேசமாகத் தூங்குகின்றன. இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை, பொருள்தான் இல்லை.

2. மரபு. யானைக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு. தென்னை நிற்கும் இடம் தோப்பு, தோட்டம் என்றால் மரபு வழு. இதற்கெல்லாம் விதி கிடையாது, சொல்லிப் பழகிய வழக்கம்தான். எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எப்படி உயர்ந்தோர் சொன்னார்களோ அப்படிச் சொல்வதே மரபு என்கிறது நன்னூல். ஆங்கிலத்திலும் அப்படியே. டீ "ஸ்ட்ராங்" ஆக இருக்கும், கார் "பவர்ஃபுல்" ஆக இருக்கும், "பவர்ஃபுல் டீ" என்று யாரும் சொல்வதில்லை. மொழியியலாளர் ஹாலிடே 1960களில் காட்டிய இந்த உதாரணம் இன்றும் வகுப்பறைகளில் ஓடுகிறது. தமிழில் மருந்தைச் சாப்பிடுகிறோம், ஆங்கிலத்தில் அதை "டேக்" செய்ய வேண்டும். தமிழில் கனவைக் காண்கிறோம், ஆங்கிலத்தில் கனவு "ஹேவ்" தான். "ஈட் மெடிசின்", "சீ எ ட்ரீம்" என்று எழுதினால் இலக்கணப்படி எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். காதில் மட்டும் உறுத்தும்.

3. நடை. "ஹூ", "ஹூம்" சண்டை இந்த வகை. "தி மேன் ஹூம் ஐ மெட்" என்றால் விறைப்பான எழுத்து நடை, "தி மேன் ஹூ ஐ மெட்" என்றால் சகஜமான நடை. இடம் தெரியாமல் எது சரி என்று சொல்ல முடியாது.

இப்படிப் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. முதல் வகையில் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். இரண்டாவதில் கேட்கலாம், ஆனால் படித்தவர்கள் எல்லோரும் ஒத்துப்போகிற மரபாக இருக்க வேண்டும். மூன்றாவதில் "எது சரி?" என்று கேட்கவே கூடாது. "அலுவலகக் கடிதத்தில் எது பொருந்தும்?" என்று இடத்தைச் சொல்லிக் கேட்டால் பரவாயில்லை.

ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம்

கோடிட்ட இடக் கேள்வியில் மூன்று உறுப்புகள்: கேள்வி வாக்கியம், சரியான விடை, வேண்டுமென்றே வைத்த தவறான ஆப்ஷன்கள். இந்த மூன்றாவதில்தான் கேள்வி எழுதுபவர்கள் வழுக்கி விழுகிறார்கள். சரியான விடை சரியா என்று நான்கு முறை பார்ப்பார்கள், தவறான ஆப்ஷன்கள் நிஜமாகவே தவறா என்று ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை.

எங்கும் காணக் கிடைக்கிற ஒரு கேள்வி:

"ஹி ___ இன் திஸ் ஆஃபீஸ் ஸின்ஸ் 2015."
அ) இஸ் வொர்க்கிங்  ஆ) ஹேஸ் பீன் வொர்க்கிங்  இ) ஹேட் பீன் வொர்க்கிங்  ஈ) வொர்க்ஸ்

'ஆ' சரி. 'அ', 'ஈ' இரண்டும் தரமான ஆங்கிலத்தில் "ஸின்ஸ் 2015" உடன் ஒட்டாது. தமிழில் "2015-லிருந்து வேலை பார்க்கிறான்" என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுவதால் நம் ஆட்கள் 'அ'வில் போய் விழுவார்கள். அந்த வகையில் அது அருமையான ஆப்ஷன், உண்மையில் நடக்கிற தவறைத்தான் பிடிக்கிறது. ஆனால் 'இ'? 2019-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறோம், அப்போது அவர் அந்த அலுவலகத்தில் 2015-லிருந்து இருந்தார் என்றால் "ஹேட் பீன் வொர்க்கிங்" தான் வரவேண்டும். வாக்கியம் தனியாக நிற்கிறது, முன்கதை இல்லை, அதனால் 'இ'யைத் தவறு என்று அடித்துச் சொல்ல முடியாது. நன்றாகப் படிக்கிற மாணவர்தான் இதை யோசிப்பார், அவர்தான் தயங்கி நேரத்தைத் தொலைப்பார்.

சரிசெய்வது ரொம்ப சுலபம். முன்னால் ஒரு சின்ன வாக்கியம் போதும்: "ஹி ஸ்டில் வொர்க்ஸ் ஹியர். ஹி ___ இன் திஸ் ஆஃபீஸ் ஸின்ஸ் 2015." இப்போதும் இங்கேதான் வேலை பார்க்கிறார் என்று சொல்லியாகிவிட்டது, 'இ'க்கு நிற்க இடமில்லை. இரண்டாவது விரலைக் காட்டியாகிவிட்டது.

இதைவிட மோசமானது "ஆஃப்டர்" கேள்வி. "ஆஃப்டர் ஷி ___ தி லெட்டர், ஷி போஸ்டட் இட்" என்று கொடுத்து, "ரோட்", "ஹேட் ரிட்டன்" இரண்டையும் ஆப்ஷனில் வைப்பார்கள். விடைக்குறிப்பில் "ஹேட் ரிட்டன்" இருக்கும், முதலில் நடந்தது பாஸ்ட் பர்ஃபெக்ட், பிறகு நடந்தது சிம்பிள் பாஸ்ட் என்ற சூத்திரப்படி. ஆனால் எது முதலில் நடந்தது என்பதை "ஆஃப்டர்" என்ற சொல்லே சொல்லிவிடுகிறதே! அதனால் "ஆஃப்டர் ஷி ரோட் தி லெட்டர்" என்பது முழுக்கச் சரியான, தினமும் எழுதப்படும் ஆங்கிலம். அந்தச் சூத்திரத்தைச் சோதிக்க வேண்டுமானால் எது முதலில் என்பது வேறு எதிலிருந்தும் தெரியாத வாக்கியமாகப் பார்க்க வேண்டும். "வென் வி காட் தேர், தி டிரெயின் ___, ஸோ வி வெயிட்டட் ஃபார் தி நெக்ஸ்ட் ஒன்." நாங்கள் போனபோது ரயில் ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்ற பொருளுக்கு "ஹேட் லெஃப்ட்" தான். இங்கேகூட "லெஃப்ட்" ஐ ஆப்ஷனாக வைத்தால் வம்பு, கண்ணெதிரே கிளம்பிப் போனது என்றும் படிக்கலாம். "ஹேஸ் லெஃப்ட்", "லீவ்ஸ்", "வில் லீவ்" என்று வைத்துவிட்டால் தகராறு இல்லை.

"பிழை இல்லை" என்ற ஆப்ஷனின் ஆபத்து

பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் கடைசியாக "பிழை இல்லை" என்று ஒன்று இருக்கும். அது விடையாக வரும் வாக்கியத்தை எழுதுவது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஏனென்றால் அந்த வாக்கியத்தில் எந்தப் புத்தகத்தின் எந்த விதிப்படியும் யாரும் குறை காணக் கூடாது.

இதில் பேர்போன வழக்கு அமெரிக்காவில் நடந்தது. 2002 அக்டோபரில் அங்குள்ள பள்ளி மாணவர்கள் எழுதிய பிஎஸ்ஏடி தேர்வில் எழுத்தாளர் டோனி மாரிசன் பற்றி ஒரு வாக்கியம் வந்தது. "டோனி மாரிசன்ஸ் ஜீனியஸ் எனேபிள்ஸ் ஹர் டு கிரியேட் நாவல்ஸ்..." என்று தொடங்கும், அதாவது டோனி மாரிசனின் மேதைமை அவரை இப்படிப்பட்ட நாவல்களைப் படைக்க வைக்கிறது. விடை, "பிழை இல்லை". ஒரு ஆசிரியர் மறுப்புத் தெரிவித்தார். "ஹர்" யாரைக் குறிக்கிறது? வாக்கியத்தில் டோனி மாரிசன் என்ற பெயர் தனியாக இல்லை, "மாரிசன்ஸ்" என்று வேற்றுமை உருபோடு, ஜீனியஸுக்கு அடைமொழியாகத்தான் இருக்கிறது. பிரதிப்பெயர் அப்படிப்பட்ட பெயரைச் சுட்டக் கூடாது என்று சில கையேடுகள் விதித்திருக்கின்றன. தேர்வு நடத்தியவர்கள் முதலில் ஏற்கவில்லை. 2003-ல் அந்தக் கேள்வியையே மதிப்பெண் கணக்கிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அந்த வாக்கியத்தில் உண்மையில் பிழை ஏதும் இல்லை என்பதே சரியான பார்வை. நல்ல எழுத்தாளர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள், படிப்பவர் யாருக்கும் "ஹர்" யார் என்று ஒரு நொடிகூடச் சந்தேகம் வராது. ஆனாலும் கேள்வியை நீக்கியதும் நியாயம்தான். வாக்கியம் நல்லதா என்பது ஒரு கேள்வி, அந்த வாக்கியத்தை வைத்து ஒருவருக்கு மதிப்பெண் குறைக்கலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. பள்ளியில் அந்த விதியைப் படித்த பையன் விதியைச் சரியாகப் பயன்படுத்தித் தோற்றிருப்பான்.

எந்த ஊர் ஆங்கிலம்?

அடுத்த பிரச்சினை, தரமான ஆங்கிலமே ஒன்றுக்கு மேல் இருக்கிறது. ஒரு பக்கம் சரியானது இன்னொரு பக்கம் தப்பாகத் தெரியும்:

1. பிரிட்டனில் நோயாளி "இன் ஹாஸ்பிடல்", அமெரிக்காவில் "இன் தி ஹாஸ்பிடல்".
2. பிரிட்டனில் "அட் தி வீக்எண்ட்", அமெரிக்காவில் "ஆன் தி வீக்எண்ட்".
3. "தி டீம் ஆர் பிளேயிங்" பிரிட்டனில் சகஜம், அமெரிக்காவில் "இஸ்" தான்.
4. இப்போதுதான் சாப்பிட்டேன் என்பதற்கு "ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்" இரண்டு இடத்திலும் செல்லும், அமெரிக்காவில் "ஐ ஜஸ்ட் ஏட்" என்பதும் இயல்பு.
5. "டிஃபரன்ட்" க்குப் பிறகு "ஃப்ரம்" எங்கும் செல்லும், "டு" பிரிட்டனில் உண்டு, "தேன்" அமெரிக்காவில் உண்டு.

இந்த ஐந்தில் எதை வைத்துக் கேள்வி எழுதினாலும், எந்த ஆங்கிலம் என்று முன்பே சொல்லாவிட்டால் அது தேர்வு ஆகாது, குலுக்கல் சீட்டுதான். எழுத்துக்கூட்டலில், வெளிநாடு செல்வோர் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் இரண்டு முறையையும் ஏற்பது இந்தத் தலைவலியைத் தவிர்க்கிற ஒரு வழி.

விதி என்று நம்பப்படும் வதந்திகள்

வாக்கியம் முன்னிடைச்சொல்லில் (ப்ரெபொசிஷன்) முடியக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1672-ல் இன்னொரு எழுத்தாளரைக் குறை சொல்லும்போது கிளப்பியது. 1762-ல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லோத் இந்தப் பழக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது, நம் மொழி இதில் மிகவும் நாட்டம் உள்ளது என்று எழுதினார், அந்த வாக்கியத்தையே "டு" என்ற முன்னிடைச்சொல்லில்தான் முடித்தார்! எண்ணக்கூடியவற்றுக்கு "ஃப்யூவர்", மற்றவற்றுக்கு "லெஸ்" என்ற வேறுபாடும் அப்படி வந்ததுதான். ராபர்ட் பேக்கர் என்பவர் 1770-ல் தன் காதுக்கு எது நன்றாக இருக்கிறது என்று சொன்னார், அது போகப்போக விதியாகிவிட்டது.

"எவ்ரிஒன் ஷுட் பிரிங் ___ புக்" என்று கொடுத்து "ஹிஸ்" என்ற விடையை எதிர்பார்க்கும் கேள்வியைத் தயவுசெய்து புதைத்துவிடலாம். ஒருமைக்கு "தே", "தெயர்" பயன்படுத்துவது 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளுக்கான, அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) கையேடே 2019-ல் அதை ஏற்றுக்கொண்டது.

மரபில் தகராறு இல்லாதவை நிறையக் கிடக்கின்றன. "இன்ட்ரஸ்டட்" க்குப் பிறகு "இன்", "டிபெண்ட்" க்குப் பிறகு "ஆன்", "லுக் ஃபார்வர்ட் டு" வுக்குப் பிறகு "சீயிங்" போன்ற "இங்" வடிவம், "நோ சூனர்" என்றால் "தேன்", "ஹார்ட்லி" என்றால் "வென்". "டிஸ்கஸ்" க்குப் பிறகு "அபவுட்" வராது. தமிழில் ஒன்றைப் "பற்றி" விவாதிக்கிறோம், அந்தப் "பற்றி" தான் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. "சஜெஸ்டட் ஹிம் டு கோ" என்பதும் இதே மாதிரித் தவறுதான். இவற்றில் கேட்டால் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை, மாணவருக்கும் உண்மையில் பயன்படும்.

யாரும் சொல்லாத வாக்கியங்கள்

"ஐ டிரிங்க் டீ" என்பதைச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொன்னால் "டீ இஸ் டிரங்க் பை மி" என்று வரும். என்னால் டீ குடிக்கப்படுகிறது. தமிழில் இப்படி ஒருவர் பேசினால் திரும்பிப் பார்ப்போம், ஆங்கிலத்திலும் அதே கதிதான். செயப்பாட்டு வினை எதற்கு இருக்கிறது? செய்தவர் யாரென்று தெரியாதபோது, அல்லது அவர் முக்கியமில்லாதபோது. "மை பைக் வாஸ் ஸ்டோலன்." திருடியவன் யாரென்று தெரிந்தால் இப்படியா சொல்வோம்? அப்படியொரு வாக்கியத்தைக் கொடுத்துக் கேட்டால் வடிவத்தோடு பயனும் மனதில் பதியும். நேர்கூற்று, அயற்கூற்றுப் பயிற்சிகளில் இன்னும் "அலாஸ்!" என்று அலறுகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்விக்கு மேலே இருக்கும் கட்டளை வரியும் இதில் சேர்த்திதான். "ஃபில் அப் தி பிளாங்க்ஸ்" என்று அச்சடித்துவிட்டு, கீழே முன்னிடைச்சொல்லைச் சோதிக்கிறார்கள். படிவத்தையோ கோடிட்ட இடத்தையோ "ஃபில் இன்" செய்வதுதான் பெருவழக்கு, "ஃபில் அப்" என்றால் பாத்திரமோ டேங்க்கோ நிரம்ப வேண்டும். அப்புறம் "கீழ்க்கண்டவற்றில் தவறில்லாதது எது அல்ல?" என்கிற இரட்டை எதிர்மறைக் கட்டளைகள். அதில் தோற்பவருக்கு இலக்கணம் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

கேள்வியை எழுதிய பிறகு எப்படிச் சரிபார்ப்பது

1. கேள்வியை ஒரே ஒரு விஷயத்தோடு நிறுத்துங்கள். காலம், ஆர்டிகிள், முன்னிடைச்சொல் மூன்றையும் ஒரே கோட்டில் திணித்தால், தப்பு விட்டவர் எதில் விட்டார் என்று உங்களுக்கே தெரியாது.

2. ஒவ்வொரு தவறான ஆப்ஷனையும் கோட்டில் போட்டுப் படித்து, இது சரியாக வரும் ஒரு சூழலை யோசித்துப் பாருங்கள். யோசிக்க முடிந்தால் ஆப்ஷனை மாற்றுங்கள், இல்லையென்றால் வாக்கியத்தில் ஒரு சொல்லைச் சேருங்கள்.

3. காதை மட்டும் நம்ப வேண்டாம். உண்மையான எழுத்தையும் பேச்சையும் திரட்டி வைத்த தொகுப்பான பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸில் 10 கோடிச் சொற்கள் இருக்கின்றன, அமெரிக்க ஆங்கிலத்துக்கான அதே மாதிரித் தொகுப்பான கோக்காவில் 100 கோடிக்கும் மேல். சந்தேகமான தொடரைத் தேடினால் உண்மையான எழுத்தில் வருகிறதா, எந்த வகை எழுத்தில் வருகிறது என்பது தெரிந்துவிடும். தவறு என்று நீங்கள் நினைத்த ஆப்ஷன் நல்ல பத்திரிகைகளில் நூற்றுக்கணக்கில் வந்தால், மாற வேண்டியது உங்கள் கேள்விதான்.

4. விடைக்குறிப்பைக் காட்டாமல் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடம் கொடுங்கள். இருவரும் ஒரே விடையைச் சொல்ல வேண்டும். ஒருவர் "இது எந்த அர்த்தத்தில்?" என்று திருப்பிக் கேட்டாலே கேள்வி தேறவில்லை.

5. தேர்வுக்குப் பிறகும் எண்களைப் பாருங்கள். மொத்தத்தில் அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் ஒரு கேள்வியில் மட்டும் 'ஆ', 'இ' என்று பாதிப் பாதியாகப் பிரிந்து நின்றால், அல்லது கடைசியில் இருப்பவர்கள் அவர்களைவிட அதிகமாகச் சரியாக எழுதியிருந்தால், கோளாறு கேள்வியில்தான் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம்.

பெரிய தேர்வுகள் சில இந்த வழியில் போராடிவிட்டு வேறு பாதைக்கு மாறியிருக்கின்றன. 1964-ல் தொடங்கிய டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் இலக்கணத்துக்கென்று தனிப் பகுதி இருந்தது, 2005-ல் இணையவழித் தேர்வு வந்தபோது அது போய்விட்டது. மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் புதிய வடிவம் 2023-ல் வந்தபோது வாக்கியத் திருத்தப் பகுதியும் விடைபெற்றது. ஐஇஎல்டிஎஸ்ஸில் தனி இலக்கணத் தாளே இல்லை, எழுதுவதிலும் பேசுவதிலும் மதிப்பிடும் நான்கு அம்சங்களில் ஒன்றாக இலக்கணம் வந்துவிடுகிறது. ஆனால் லட்சக்கணக்கானோர் எழுதும் போட்டித் தேர்வுகளில் எல்லோர் கட்டுரையையும் படித்துத் திருத்துவது சாத்தியமில்லை, அங்கே ஒற்றை வாக்கியக் கேள்விகள் இருக்கத்தான் போகின்றன.

தேர்வு எழுதுகிறவர் என்ன செய்வது

தேர்வு அறையில் இரண்டு ஆப்ஷன்கள் சரியாகத் தெரிந்தால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் வாக்கியத்துக்குள் காலத்தையோ எண்ணிக்கையையோ காட்டும் சொல் எது என்று தேடுங்கள், "ஸின்ஸ்", "எஸ்டர்டே", "ஈச்" மாதிரி. அது எந்த ஆப்ஷனை வெட்டுகிறது என்று பாருங்கள். எதையும் வெட்டவில்லை என்றால், சொல்லப்படாத முன்கதையைக் கற்பனை செய்துகொள்ளத் தேவையில்லாத ஆப்ஷனை எடுங்கள். "ஹேட் பீன்" க்கு ஒரு முன்கதை வேண்டும், "ஹேஸ் பீன்" க்கு வேண்டாம். அதுவும் உதவவில்லை என்றால் பாடப்புத்தக விதிப்படி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்கு நகருங்கள், அந்த அறையில் மொழியியல் விவாதம் நடத்தி ஜெயிக்க முடியாது.

விவாதத்தை ஆட்சேபனைக் கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் அங்கே "ஆ தவறு" என்று எழுதித் தோற்கிறார்கள், ஏனென்றால் 'ஆ' தவறில்லை. எழுத வேண்டியது "இ-யும் சரி" என்பதைத்தான். "ஆஃப்டர்" கேள்வி என்றால் இப்படி: 'ஆஃப்டர்' என்ற சொல்லே முன்பின் வரிசையைக் காட்டிவிடுவதால் 'ரோட்', 'ஹேட் ரிட்டன்' இரண்டும் ஏற்கத்தக்கவை, இரண்டுக்கும் மதிப்பெண் தர வேண்டும் அல்லது கேள்வியை நீக்க வேண்டும். கூடவே ஏதாவது ஒரு நல்ல அகராதியிலிருந்தோ இலக்கண நூலிலிருந்தோ "ஆஃப்டர்" க்குப் பிறகு சிம்பிள் பாஸ்ட் வருகிற ஒரு வாக்கியத்தைப் பக்க எண்ணோடு இணையுங்கள். தேடினால் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.